பவர் பட்டனை அழுத்தியதும் பிராசஸர் முதலில் எதை நம்புகிறது?

கேள்வி: எஸ்.பி.ரோடு சர்வீஸ்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் எம்பெடட் சிஸ்டம்ஸ் படித்து வருகிறேன். போனைத் தொடக்கி இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் நிரல் குறித்து இரண்டு ஐயங்கள் தீராமல் இருக்கின்றன.

அண்மையில் ஒரு போன் பழுதுக்கு வந்தது. அதன் உரிமையாளர் வேறொரு மாடலுக்கான ஃபர்ம்வேரை (கருவியின் அடிப்படை மென்பொருளை) அதில் ஏற்றியிருக்கிறார். அதன் பிறகு திரையில் வெளிச்சமே இல்லை, அதிர்வு இல்லை, சார்ஜரைச் செருகினால் பேட்டரிக் குறிகூட வரவில்லை. ஆனால் யூ.எஸ்.பி. கேபிளைக் கணினியில் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் 9008 என்ற எண்ணோடு ஒரு போர்ட் தோன்றியது. போனின் நிரந்தரச் சேமிப்பான ஃபிளாஷில் இருக்கும் பூட்லோடர் கெட்டுப்போன பிறகும் உள்ளே ஏதோ ஒரு நிரல் ஓடுகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது?

அடுத்தது, ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதை இயக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். சரிபார்க்கத் தேவையான பொதுச் சாவியும் அதே ஃபிளாஷில்தான் இருக்கிறது. ஒருவர் தம் சாவியால் கையொப்பமிட்ட பூட்லோடரையும், அதற்கான பொதுச் சாவியையும் சேர்த்தே எழுதிவிட்டால் பிராசஸர் ஏமாந்துவிடாதா?

பதில்: ஒயிட்ஃபீல்டு ஃபர்ம்வேர்

உங்கள் இரண்டு ஐயங்களுக்கும் விடை சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

பட்டனை அழுத்தியதும் பி.எம்.ஐ.சி. எனப்படும் மின்வழங்கல் சிப், ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் உரிய வரிசையில் எழுப்பி, அவை நிலைபெற்ற பிறகே பிராசஸரை நிறுத்தி வைத்திருக்கும் ரீசெட்டை விடுவிக்கிறது. அந்தக் கணத்தில் முதல் கோர், சிப்பின் வடிவமைப்பிலேயே தீர்மானிக்கப்பட்ட ஒரு முகவரியிலிருந்து கட்டளைகளைப் படிக்கத் தொடங்குகிறது. அங்கே இருப்பது பூட் ரோம். சிப் உருவாகும்போதே சிலிக்கானில் பதிந்துவிட்ட இந்தச் சிறு நிரலைப் பிறகு எவராலும், தயாரித்த நிறுவனத்தாலும்கூட, மாற்ற இயலாது. குவால்காம் இதைப் பி.பி.எல். என்கிறது, ஆப்பிள் செக்யூர்ரோம் என்கிறது. நீங்கள் பார்த்த 9008 போர்ட்டைத் திறந்தது இதுதான். ஃபிளாஷில் கிடைத்த அடுத்த கட்டம் சோதனையில் தேறாததால் அதை இயக்க மறுத்துவிட்டு, யூ.எஸ்.பி. வழியாகச் சரியான நிரல் வருமா என்று அது காத்திருக்கிறது. அந்த வழியில் வரும் நிரலுக்கும் அதே கையொப்பச் சோதனை உண்டு. ஆகவே இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கோப்பை அனுப்பிப் பார்ப்பதால் பயனில்லை. அந்த மாடலுக்கென நிறுவனம் கையொப்பமிட்ட கோப்பு மட்டுமே செல்லும்.

இனி சாவியைப் பார்ப்போம். பொதுச் சாவி ஃபிளாஷில் இருப்பதில் தவறே இல்லை. சிப்புக்குள் இஃபியூஸ் எனப்படும், ஒரு முறை எரித்தால் பழைய நிலைக்குத் திரும்பாத பிட்டுகள் உள்ளன. தொழிற்சாலையில் அந்தப் பொதுச் சாவியின் ஹேஷ், அதாவது அதிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற சிறு எண், மட்டும் அவற்றில் எரிக்கப்படுகிறது. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவியை முழுதாக எரிப்பதைவிட அதன் 256 பிட் ஹேஷை எரிப்பது இடத்தை மிச்சப்படுத்தும். பூட் ரோம் ஃபிளாஷிலிருந்து சாவியை எடுத்து, ஹேஷைக் கணக்கிட்டு, ஃபியூஸில் உள்ளதோடு ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் கையொப்பத்தை ஏறெடுத்தும் பார்க்காது. நிலம் வாங்குபவர் எத்தனை கிரயப் பத்திரங்களைக் காட்டினாலும் தாய்ப்பத்திரத்தைக் கேட்பாரே, அந்த இடத்தில்தான் இந்த ஃபியூஸ் இருக்கிறது. டெவலப்மென்ட் போர்டுகளில் பெரும்பாலும் இதை எரிக்காமல் விட்டிருப்பார்கள். அவை எதைக் கொடுத்தாலும் இயக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். பூட் ரோம் அடுத்த கட்டத்தை ஃபிளாஷில் வைத்தே சரிபார்ப்பதில்லை. முதலில் சிப்புக்குள் இருக்கும் சிறு தற்காலிக நினைவகமான எஸ்ரேமுக்கு நகலெடுத்து, அந்த நகலைச் சரிபார்த்து, அந்த நகலையே இயக்குகிறது. வெளியே இருக்கும் முதன்மை நினைவகமான டிரேம் அந்த நேரத்தில் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஃபிளாஷின் இடத்தில் வேறொரு கருவியைப் பொருத்தி, முதல் வாசிப்புக்கு நல்ல நிரலையும் இரண்டாவது வாசிப்புக்குக் கெட்ட நிரலையும் ஒருவர் தர முடியும் என்பது. சரிபார்த்த பைட்டுகளும் இயங்கும் பைட்டுகளும் ஒன்றே என்ற உறுதி இல்லாவிட்டால் கையொப்பம் எவ்வளவு வலுவானதாக இருந்தும் பயனில்லை.

அதன் பிறகு எஸ்ரேமில் ஓடும் நிரல் டிரேமைத் தயார்செய்து, அடுத்தடுத்த பகுதிகளைச் சரிபார்த்து ஏற்றுகிறது. 64 பிட் ஆர்ம் பிராசஸர்களில் பொதுவாக இவையெல்லாம் மிக உயர்ந்த அதிகார நிலையான ஈஎல்3-இல் தொடங்குகின்றன. டிரஸ்ட்ஸோன் எனும் பாதுகாப்பான பகுதிக்கான நிரல்கள் முதலில் அமர்ந்த பிறகே, அதிகாரம் குறைந்த நிலையில் ஆண்ட்ராய்டு பூட்லோடரும் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் வருகின்றன.

எஸ்.பி.ரோடு சர்வீஸ்

மிக்க நன்றி ஐயா. இதிலிருந்தே இன்னொரு கேள்வி எழுகிறது. நிறுவனமே முறையாகக் கையொப்பமிட்ட, ஆனால் பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்பை ஒருவர் மீண்டும் ஏற்றினால் எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடுமே?

பதில்: அல்சூர்வாசி

கையொப்பச் சோதனையில் தேறிவிடும், அதனால்தான் கையொப்பத்தோடு பதிப்பு எண்ணும் சோதிக்கப்படுகிறது. தொடக்க நிலைப் பூட்லோடர்களுக்கு இந்த எண்ணையும் ஃபியூஸிலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். எரித்தது எரித்ததுதான் என்பதால் பதிப்பு எண் முன்னே மட்டுமே நகரும். ஆனால் ஃபியூஸ்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒன்றை எரிக்க முடியாது. எனவே கடுமையான ஓட்டைகளை அடைக்கும்போது மட்டும் எரிப்பதே சரியான நடைமுறை என்பது என் கருத்து.

2017-இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்த வெரிஃபைட் பூட் 2.0, கெர்னல் முதலியவற்றுக்கான பதிப்பு எண்ணைச் சேதப்படுத்த முடியாத சேமிப்பில் வைக்கச் சொல்கிறது. பல போன்களில் அது மெமரி சிப்புக்குள் இருக்கும் ஆர்.பி.எம்.பி. என்ற தனிப் பகுதி. அதில் எழுத வேண்டுமானால் பிராசஸரின் பாதுகாப்பான பகுதிக்கும் மெமரிக்கும் மட்டுமே தெரிந்த ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியை மெமரியில் ஒரு முறை மட்டுமே பதிக்க முடியும். உங்கள் கடையில் ஒரு போர்டின் மெமரி சிப்பைக் கழற்றி வேறொரு போர்டில் பொருத்தினால் போன் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிஸ்டம் பகுதி பல ஜி.பி. அளவுள்ளது என்பதால் தொடக்கத்திலேயே முழுவதையும் சோதிக்க நேரம் போதாது. அதை 4096 பைட் துண்டுகளாகப் பிரித்து, ஹேஷ்களை அடுக்கடுக்காக இணைத்து ஹேஷ் மரம் அமைத்து, ஒவ்வொரு துண்டையும் வாசிக்கும்போது கெர்னல் சோதிக்கிறது. பூட்லோடர் அன்லாக் செய்த போனில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை வருவது, இந்தச் சங்கிலியின் கடைசிப் பகுதியை உரிமையாளரே தளர்த்திவிட்டார் என்பதைத் தெரிவிக்கத்தான். பூட் ரோமின் சோதனை அப்போதும் தளர்வதில்லை.

பதில்: இந்திராநகர் சிலிக்கான்

மேலே இருவரும் சொன்னவை சரியானவை. பூட் ரோமை மாற்ற முடியாது என்பதன் மறுபக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்: அதில் பிழை இருந்தால் அதையும் மாற்ற முடியாது. 2019-இல் வெளியான செக்எம்8 என்ற தாக்குதல் நிரல், ஏ5 முதல் ஏ11 வரையிலான ஆப்பிள் சிப்களின் பூட் ரோமில் இருந்த பிழையைப் பயன்படுத்தியது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை விற்றுவிட்ட கருவிகளில் அதைத் திருத்த வழியே இல்லை. போனைக் கையில் வைத்துக் கேபிளால் இணைத்தால்தான் அது செல்லும் என்பதும், மறுபடி அணைத்து இயக்கினால் அதன் விளைவு நீங்கிவிடும் என்பதும் ஆறுதல். அதற்கு முந்தைய ஆண்டு நின்டெண்டோ ஸ்விட்ச்சில் உள்ள டெக்ரா எக்ஸ்1 சிப்பிலும் இதே கதை. வரும் தரவின் நீளத்தைச் சரியாகச் சோதிக்காமல் நகலெடுத்ததே பிழை.

இரண்டிலும் கையொப்பக் கணிதம் உடையவில்லை. மீட்புக்காக வைத்த யூ.எஸ்.பி. வழிதான் உடைந்தது. போனைப் பிழைக்க வைக்கும் வழியே தாக்குபவருக்கும் வழியாகிறது. எனவே பூட் ரோமில் யூ.எஸ்.பி. நிரலை இயன்றவரை சிறிதாக வைத்து, வரிக்கு வரி பலர் படித்துப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மின்னழுத்தத்தை ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் தடுமாற வைத்து, ஒப்பிடும் கட்டளையையே பிராசஸர் தாண்டிப் போகுமாறு செய்யும் தாக்குதலும் உண்டு. அதனால் நல்ல நிரல்களில் முடிவை வெறும் 0, 1 என்று வைக்காமல் பல பிட்டுகள் வேறுபடும் எண்களாக வைத்து, இரண்டு முறை சோதிப்பார்கள்.

நீங்கள் படிப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆர்ம் பிராசஸர்களுக்கான டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ திறந்த மூல நிரல், கணினியிலேயே பிராசஸரைப் போலச் செய்யும் க்யூஈமுவில் இயங்கும். கையொப்பச் சோதனையை இயக்கி பில்ட் செய்து, இரண்டாம் கட்டமான பிஎல்2 பகுதியில் ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். முதல் கட்டமான பிஎல்1 எந்த வரியில் நிற்கிறது என்று தேடிப் படித்தால், ஹேஷ் ஒப்பீடு நடக்கும் இடம் வரை நீங்களே சென்று சேர்ந்துவிடலாம்.