கார்டன் ஈல்: ‘தோட்ட விலாங்கு’ வேண்டாம், ‘வளை விலாங்கு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மீன்களுக்கான நம் தமிழ்ப்பெயர்ப் பட்டியலில் சேர்க்க, கார்டன் ஈல் (garden eel) என்ற மீனுக்குத் ‘தோட்ட விலாங்கு’ என்று முந்தைய மடலில் வந்திருந்தது. எனக்கு உடன்பாடில்லை. படிப்பவருக்குத் தோட்டத்துக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கிடக்கும் விலாங்குதான் நினைவுக்கு வரும். இதுவோ கடல்மீன், அதுவும் தன் குழியை விட்டு அநேகமாக வெளியே வராத மீன்.

அது வாழும் விதத்தைப் பார்த்தால் பெயர் தானே கிடைக்கும். ஹெட்டரோகாங்கர் ஹாஸி என்ற இனத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரிய முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸின் கப்பலில் போன இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் விவரித்து அவர் பெயரையே சூட்டிய மீன் இது. செங்கடலிலிருந்து மாலத்தீவு வழியாகப் பசிபிக் தீவுகள் வரை இருக்கிறது. பவளப்பாறையை ஒட்டி மணல் சரிந்து இறங்கும் இடமாக இருக்கவேண்டும், நீரோட்டமும் வேண்டும்; ஆழம் பெரும்பாலும் 7 முதல் 45 மீட்டர். நீளம் 40 செ.மீ. வரை, பருமன் சுண்டுவிரல் அளவு. கெட்டியான வால்நுனியால் மணலைத் துளைத்து வால் முதலாக இறங்கி, உடம்பில் சுரக்கும் வழும்பைக் குழியின் சுவரில் பூசிவிடுகிறது, அதனால் மணல் சரிந்து மூடுவதில்லை. அப்புறம் மேலுடம்பை மட்டும் நீட்டி, முனையை வளைத்து, ஓட்டம் வரும் திசைக்கு முகம் கொடுத்து, மிதந்துவரும் நுண்ணிய உயிரிகளைக் கொத்தித் தின்கிறது. இப்படி நூற்றுக்கணக்கில் ஒரே பக்கம் பார்த்து அசைந்தாடுவது தொலைவிலிருந்து செடிகளைப் போலத் தெரியும், ஆங்கிலப் பெயர் அதனால் வந்ததுதான். யாராவது கிட்டே போனால் அத்தனையும் மணலுக்குள் போய்விடும். இணை சேரும்போதுகூட வாலை வெளியே எடுக்காமல் பக்கத்துக் குழியை நோக்கி உடம்பை நீட்டிக்கொள்கின்றன.

மற்றவர்கள் சொன்ன பெயர்களில் ‘மணல் விலாங்கு’ போதாது, மணலுக்குள் புதைந்து வாழும் வேறு விலாங்குகளும் உண்டு. ‘நாற்று விலாங்கு’ எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது, சொன்னவர் கண்ணில் நாற்றங்கால் தெரிந்திருக்கிறது. ஆனால் நாற்று நெருக்கமாக முளைப்பது, பிறகு பிடுங்கி நடப்படுவது. இந்த மீன்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, இருந்த இடத்திலேயே இருப்பவை.

ஜப்பானியர் இதைச் ‘சின்-அனகோ’ என்கிறார்கள். ‘சின்’ என்பது அவர்கள் வீட்டில் வளர்க்கும் தட்டைமூக்கு நாய், அதன் முகச்சாயல் இதற்கு இருக்கிறதாம். ‘அனகோ’ அவர்கள் சாப்பிடும் கடல் விலாங்கு, எழுத்துப்படி ‘குழிப்பிள்ளை’. டோக்கியோவின் சுமிதா மீன்காட்சியகத்தில் 2020இல் இவை சுமார் 300 இருந்தன. அந்த ஆண்டு ஊரடங்கால் ஆள்வரத்து நின்றதும் மனிதர்களைக் கண்டாலே ஒளிய ஆரம்பித்துவிட்டன, அதனால் மே மாதத்தில் காணொளி அழைப்பில் முகம் காட்டச் சொல்லி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்வளவு நெருக்கம் வந்ததற்கு அந்தப் பெயருக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன், அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது.

நம்மிடம் ‘வளை’ இருக்கிறது. நண்டு வளை, எலி வளை என்று கடற்கரையிலும் வயலிலும் அன்றாடம் புழங்கும் சொல். அஞ்சாலை (மோரே ஈல்) என்ற விலாங்கு கிடப்பது பாறை இடுக்கு, அதை யாரும் வளை என்று சொல்வதில்லை. கார்டன் ஈலின் குழி அது தானே தோண்டிக்கொள்வது, ஆகவே வளை. எலி வளையானாலும் தனி வளை என்கிறோமே, அப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மேலும் வளைதல் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது, வளைந்து நிற்பதுதானே இதன் தோற்றமே! இரண்டு பொருளும் ஒரே மீனுக்குப் பொருந்துவது எளிதில் அமையாது.

எழுதும்போது ‘வளை விலாங்கு’ என்று பிரித்தே எழுதுவோம், சேர்த்தால் ‘வளைவில்’ என்று கண் தடுக்கும். இது கார்டன் ஈல் இனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். உடம்பெல்லாம் சிறுபுள்ளிகளும் பெரிய கரும்புள்ளிகளும் உள்ள ஹாஸி ‘புள்ளி வளை விலாங்கு’; ஆரஞ்சும் வெள்ளையும் மாறிமாறி வரும் இன்னொரு இனமான கோர்காசியா பிரிக்ளாரா ‘வரி வளை விலாங்கு’. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் பட்டியலில் இப்படியே சேர்த்துவிடலாம்.