முதல் வீடு வாங்கிய கதை: சீனர் ஒதுக்கீடு நிறைந்த புளோக்

ஈசூன்காரன்:

கல்யாணமாகி நாலு வருஷம் சிங்கப்பூரில் அப்பா அம்மாவோடு, நான் பத்தாம் வயசிலிருந்து படுத்த அதே அறையில் இருந்தோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு மூன்று தடவை விண்ணப்பித்தோம். மூன்றாவது தடவை குலுக்கலில் வந்த எண்ணைப் பார்த்து மனைவி சிரித்தே விட்டாள், இருந்த வீடுகளைவிட நாலு மடங்கு பெரிய எண். கிடைத்திருந்தாலும் கட்டி முடிக்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்கணும். போதும், மறுவிற்பனை வீடே பார்ப்போம் என்று 2025 தொடக்கத்தில் இறங்கினோம்.

முதலில் பிடித்தது காத்திப் பக்கம் ஒரு நாலறை வீடு. 560,000 வெள்ளி சொன்னார்கள். ஆப்ஷனுக்கு, அதாவது வீட்டை நமக்கென்று பிடித்துவைக்கும் உரிமைக்கு, 1,000 வெள்ளி கொடுத்து, மறுநாளே வீவக மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். 525,000 என்று வந்தது. இடையில் இருக்கும் 35,000-ஐ முழுக்க ரொக்கமாகத் தரணும், சிபிஎஃப் சேமநிதியைத் தொட முடியாது, கடனிலும் சேராது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: 2014-லிருந்து ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் மதிப்பீடே தெரியும். அதாவது கண்ணைக் கட்டிக்கொண்டு விலை பேசணும். 21 நாள் அவகாசம் இருந்தது. மூணு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டோம். அந்த 1,000 போனது போனதுதான்.

அப்புறம்தான் ஈசூனில் ஒரு தமிழ்ப் பெரியவர் வீடு, ஐயா என்றே சொல்கிறேன். விளம்பரத்தில் 515,000 போட்டிருந்தது. அதே புளோக்கில் மூன்று மாடி கீழே, அதே அளவு வீடு போன மாதம் 535,000-க்குப் போயிருந்தது. ஏதோ கோளாறு இருக்கும், ஒழுகுதோ, செத்துகித்துப் போனார்களோ என்றுதான் முதலில் நினைத்தோம். ஏஜண்டைக் கூப்பிட்டதும் கேட்ட முதல் கேள்வி, "நீங்க இந்தியரா?" ஆமாம் என்றதும் குரலே மாறிவிட்டது. "இன்னைக்கே வாங்க சார்!"

விஷயம் இதுதான். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15 என்று இன ஒதுக்கீட்டு உச்சவரம்பு இருக்கிறது. அந்த புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது. கீழே விற்றவர் சீனர், அவர் இன்னொரு சீனருக்கு விற்றால் கணக்கு மாறாது, அதனால் தடையில்லை. ஐயா தமிழர். அவர் விற்றால் சீனர் எண்ணிக்கை கூடிவிடும், அதனால் சீனருக்கு விற்க முடியாது. ஈசூனில் வீடு தேடும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

போனபோது டீ போட்டு வைத்திருந்தார். அவர் மனைவி தவறிவிட்டார், பாசிர் ரிஸில் மகள் வீட்டோடு போகிறார். மேசைமேல் ஒரு 555 நோட்டு. நம் ஊர் மளிகைக்கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே குட்டி நோட்டு. அதில் தேதி, கூப்பிட்டவர் பெயர், சீனராக இருந்தால் பக்கத்தில் 'சீ' என்று ஓர் எழுத்து. நாலு மாதத்தில் 61 பேர். அதில் 52 'சீ'. "ஒருத்தர் அம்மாவையும் கூட்டிட்டு வந்து பாத்தாரு தம்பி. அந்தம்மா அடுப்புக்கிட்ட நின்னு எங்க குக்கர் வைக்கலாம்னு கை வச்சிக் காட்டுனாங்க. அப்புறமா அவுங்க ஏஜண்டு செக் பண்ணியிருக்கான்."

அப்பா எங்களோடு வந்திருந்தார். அவருக்கு விலை பேசுவது பிறவிக்குணம், தேக்கா சந்தையில் கருவேப்பிலைக்கும் பேசுவார். "490-னு கேளு, அவருக்கு வேற வழி இல்ல" என்று காதில் சொன்னார். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். 500,000-க்கு முடித்தோம். மதிப்பீடும் அதே தொகைக்கு வந்ததால் கூடுதல் ரொக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கணக்கு கேட்பவர்களுக்கு: வீவக கடன் 75 விழுக்காடு, 375,000, வட்டி 2.6. குடும்ப மானியம் 80,000, பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் இருப்பதால் இன்னொரு 20,000. மீதி 25,000 சிபிஎஃப்பிலிருந்து. முத்திரை வரி 9,600. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 9,000 தாண்டுவதால் 120,000 வரை கிடைக்கும் அந்தப் பெரிய மானியம் இல்லை.

நல்ல மனசோடு வாங்கினோம் என்று சொல்ல வரவில்லை. 535 போகும் வீட்டை 500-க்கு வாங்கியிருக்கிறோம். அந்த 35,000 வெள்ளி ஐயாவுடையது. காத்திப் பக்கம் எங்களிடம் இல்லாமல் போனதும் அதே 35,000 என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு லிஃப்டுக்கு நடக்கையில் ஐயா சொன்னார்: "அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க வித்தாலும் இதே கதைதான் தம்பி, தெரியும்ல?" தெரியும்.

செங்காங் அக்கா:

எனக்கு நேர்மாறா நடந்துச்சு. அம்மாவுக்கு முட்டிவலி, அவங்க பக்கத்து புளோக்ல ஒரு ஐந்தறை வீடு வந்துச்சு. விக்கிறவங்க சீன ஆன்ட்டி. விலை பேசியாச்சு, அவங்களே திரைச்சீலைய விட்டுட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க. இணையத்துல தட்டிப் பாத்தா இந்தியர் ஒதுக்கீடு நிறைஞ்சிருச்சு! இந்தியர் விக்கிற வீடாயிருந்தாத்தான் நாங்க வாங்கலாமாம். ஆன்ட்டிக்குப் புரியவே இல்ல. "நீ காசு குடுக்குற, நான் வீடு குடுக்குறேன், நடுவுல யாரு?"ன்னு மாண்டரின்ல மகன்கிட்ட கத்துறாங்க.

ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி அந்தக் கணக்கு மாறும். ரெண்டு மாசம் 1ஆம் தேதி காலையில காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் பாத்தேன். மூணாவது மாசம் ஆன்ட்டி வேற ஆளுக்கு வித்துட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. இப்போ எங்க வீடு பொங்கோல், அம்மாவைப் பாக்க எல்ஆர்டி ரயில். ஏஜண்டுங்க இத முதல்லயே செக் பண்ணிச் சொல்லணும். எங்க ஆள் வீடு பிடிச்சு, திரைச்சீலை வரைக்கும் பேசின அப்புறம் சொன்னான்.

மன்னார்குடி டு புக்கிட் பாத்தோக்:

நாங்க ரெண்டு பேரும் நிரந்தரவாசிகள். எங்களுக்கு ஒதுக்கீடு அப்புறம், அதுக்கு முன்னாடியே ஏகப்பட்ட கதவு. பிஆர் கிடைச்சு மூணு வருஷம் காத்திருக்கணும். மானியம் கிடையாது, வீவக கடனும் கிடையாது, வங்கிதான். 480,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி 9,000, அதுக்கு மேல கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, 24,000. வங்கிக் கடன்ங்கறதால இன்னொரு 5 விழுக்காடு கண்டிப்பா ரொக்கம், அது ஒரு 24,000. ஊர்ல அண்ணன்கிட்ட சொன்னா, "வரிக்கே இவ்வளவா? இங்க ரெண்டு மனை வாங்கலாமேடா"ங்கறார். 99 வருஷக் குத்தகைங்கறத அவர்கிட்ட இன்னும் சொல்லல. எங்க வீட்ல மிச்சம் 61 வருஷந்தான். நீங்களும் சொல்லிடாதீங்க.

பிடோக் பெரியவர்:

இந்த விதி வந்தது 1989. தேசிய வளர்ச்சி அமைச்சராக அப்போது இருந்தவர் எஸ். தனபாலன், நம்மவர். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரரும், ஹவ்காங் பக்கம் சீனரும் கூடிக்கூடிச் சேர்கிறார்கள் என்று அப்போது பேச்சு. நான் இன்றும் அந்த விதிக்கு ஆதரவுதான். என் பேரன் மலாய்ப் பையன்களோடு கீழ்த்தளத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன், அவன் மலாய் என் மலாயைவிட நன்றாக இருக்கும். ஆனால் எல்லாரும் கலந்து வாழ்வதற்கான விலையை அந்த ஐயா மட்டும் ஏன் தரவேண்டும்? 2022-லிருந்து, எவ்வளவு முயன்றும் விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களிடம் வீவகவே வீட்டைத் திரும்ப வாங்க வழி செய்திருக்கிறார்கள். ஈசூன் தம்பி, உங்கள் ஐயாவுக்கு அது தெரியுமா?

ஈசூன்காரன்:

தெரியும் ஐயா. மகள் படித்துச் சொல்லியிருக்கிறார். "நாலு மாசம் பாத்தாச்சு, இன்னும் மனு போட்டுக் காத்திருக்கத் தெம்பில்ல, நீங்க வந்தீங்க, குடுத்தேன்" என்றார்.

பால் காய்ச்சிய அன்று அவரையும் கூப்பிட்டிருந்தோம். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஓர் அன்னாசிப்பழத்தோடு வந்து, வாசலிலிருந்து உள்ளே உருட்டச் சொன்னார், அவர்கள் வழக்கம், செல்வம் உருண்டு வருமாம். மனைவி உருட்டினாள். அது கோணலாகப் போய் சமையலறைக் குழாய்க்கடியில் நின்றது. ஐயா குனிந்து எடுத்து, முன்பு அவர் சாமிமாடம் இருந்த சுவரோரம் வைத்தார். ஆணி அடித்த ஓட்டைகளை இன்னும் நாங்கள் பூசவில்லை.

கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து அந்த 555 நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். பாதிக்குமேல் காலிப் பக்கம் இருக்கிறது, வீணாக்க வேண்டாம் என்றார்.