புதுப்பிப்பு: பித்தவெடிப்பைப் பாத மருத்துவரிடம் காட்டிவிட்டேன்

குதிகால் வெடிப்பில் ரத்தம் கசிகிறது, காய்ப்பை, அதாவது தடித்துப்போன தோலை, பிளேடால் சீவலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். வேண்டவே வேண்டாம் என்றீர்கள். நல்லவேளை, கேட்டுக்கொண்டேன்.

மருத்துவர் முதலில் விசாரித்தது சர்க்கரை இருக்கிறதா என்றுதான். இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கலாம், சின்னக் காயமும் ஆறாத புண்ணாகலாம். அப்புறம் சிறு கத்தியால் காய்ப்பை மெல்லிய சீவல்களாக எடுத்தார். மெழுகைச் சுரண்டுவது போல இருந்தது, வலியே இல்லை, செத்த தோல்தானே!

ரத்தம் கசிந்த இடம் ஆறும்வரை வெறும் வாசலின். இப்போது இரவில் தடித்த தோலை மென்மையாக்கும் 25 சதவீத யூரியா களிம்பு, மேலே பருத்திக் காலுறை. வெடிப்பு மூடிவிட்டது. காய்ப்பு மட்டும் லேசாகத் தலைகாட்டுகிறது. பின்பக்கம் திறந்த செருப்பை நான் இன்னும் விடவில்லை, அதுதான்.