பண்டிகைக்குக் கையால் செய்து கொடுத்தது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு இனிப்பு டப்பா கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வருடம் என் கணவருக்குப் போனஸ் வரவில்லை. நாத்தனார் வீடு, அத்தை வீடு, மாடியில் குடியிருப்பவர்கள் என்று யாரையும் விடவும் முடியாது. வீட்டிலேயே இனிப்பு செய்யலாம் என்றால் நெய்யும் முந்திரியும் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் தீபாவளி மருந்து கிளறிக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

இனிப்பு அன்றைக்கு எல்லார் வீட்டிலும் குவிந்து கிடக்கும். ஆனால் எண்ணெய்க் குளியல் முடித்து, வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உருட்டிப் போட்டுக்கொள்ளும் லேகியத்தை இப்போது நிறைய வீடுகளில் கிளறுவதே இல்லை. கடையில் வாங்குகிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, ஓமம் வாங்கினேன். மிளகு, சீரகம், தனியா வீட்டிலேயே இருந்தன. தனியாவைத் தாராளமாகவும், திப்பிலி வகைகளைக் கொஞ்சமாகவும் எடுத்தேன். சுக்கையும் சித்தரத்தையையும் இடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் லேசாக வறுத்துப் பொடித்துச் சலிக்க வேண்டும். சலிப்பதில் சோம்பல் கூடாது, கப்பி இருந்தால் நாக்கில் நரநரவென்று நிற்கும். பொடி ஒரு பங்கு என்றால் வெல்லம் இரண்டு பங்கு. வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கொதி வந்ததும் பொடியைத் தூவிக் கிளற வேண்டும். நடுநடுவே நல்லெண்ணெய், கடைசியில் நெய். ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, நன்றாக ஆறிய பிறகு தேன். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குவது நல்லது.

காலியான ஜாம், ஊறுகாய் பாட்டில்களை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து நிரப்பினேன். மூடியைச் சுற்றி ஒரு மஞ்சள் நூல். பெயர் எழுதி ஒட்டியது என் மகள். மொத்தச் செலவில் தேனும் நெய்யும்தான் பாதி.

அத்தை பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. அடுத்த வருடம் ஐப்பசி பிறந்ததுமே அவரே போன் செய்தார்: “ஏம்மா, மருந்து கிளறியாச்சா? எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வை.” அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இனிப்பு டப்பா வாங்குவதே நின்றுவிட்டது.

ஈரோட்டிலிருந்து:

நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வெட்டிய துண்டுத் துணி மூட்டையாகச் சேரும். நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு அதில் சுருக்குப்பை தைத்து, உள்ளே வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் நலங்கு மாவும் வைப்பேன். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ போட்டு அரைப்பது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மில்லில் மிளகாய் அரைத்த மிஷினில் இதைப் போட்டுவிடக் கூடாது, முகம் எரியும். சீயக்காய் அரைக்கிற மிஷின் இருக்கிறதா என்று கேட்டு அதில் கொடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பா கொடுத்த காலத்தில் யாரும் எதுவும் சொன்னதில்லை. இந்தப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

நாகர்கோவிலிலிருந்து:

எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்துதான். பச்சைப்பயறை வறுத்து ரவை போல உடைத்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய் சேர்த்து, பாகு ஊற்றிச் சூட்டோடு சூடாக உருட்டுவது. மறுநாள் மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் போடுவோம். விலை கூடிய சாமான் எதுவும் இல்லை, வாரக்கணக்கில் கெடாது. அதனால் முன்கூட்டியே செய்து வைத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுக்க முடிகிறது. சூட்டில் உருட்ட நிறையக் கை வேண்டும், அதற்காகவே மதினிமார் எல்லாரும் ஒரே வீட்டில் கூடிவிடுவோம். பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் தனி அழகு.

தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிற எதிர்வீட்டு அம்மா, தூக்குவாளியைத் திருப்பி வாங்கும்போது உள்ளே முந்திரிக்கொத்து இருக்கிறதா என்று குலுக்கிப் பார்ப்பார்.

திருச்சி அக்காவிடம் ஒரு கேள்வி. லேகியத்துக்கு வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? எங்கள் பக்கம் அதுதான் நல்லதாகக் கிடைக்கும்.

திருச்சியிலிருந்து:

தாராளமாகப் போடலாம், சுக்குக்கு அது நன்றாகவே சேரும். நிறம் இன்னும் கறுப்பாக வரும், அவ்வளவுதான். கருப்பட்டியில் மண் இருக்கும், கரைத்ததும் துணியில் இரண்டு தடவை வடிகட்டிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.