அக்டிவ் எஸ்டர் போட்ட எபொக்சி இறுகவே இல்லை, அவசரம்

பனிக்காடு: வணக்கம். கெம்பஸ் கடைசி வருட புரொஜெக்ட். செப்புத் தகட்டின் மேல் எபொக்சிப் பூச்சு, அதை இறுக்குகிற ஹார்ட்னர் அக்டிவ் எஸ்டர் என்ற இரசாயனம். ஒவனில் வைத்து எடுத்தாலும் விரலில் ஒட்டுகிறது, நகம் பதிகிறது. எல்லாத் தகடும் இப்படித்தான். லீவுக்கு நுவரெலியா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த கிழமை சேரிடம் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சோல்டர் மாமா: தம்பி, நுவரெலியா என்றதுமே விளங்கிவிட்டது. பனிதான் காரணம். நான் கன்ட்ரோல் போர்டுகளுக்கு எபொக்சி ஊற்றுகிறவன். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஹார்ட்னரில் இருக்கிற அமைன் (நைதரசன் உள்ள சேர்வை) காற்றின் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு மேலே பிசுபிசுப்பாகப் படியும். வெந்நீர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், போய்விடும்.

பேராதனை அக்கா: எந்த எபொக்சி தம்பி? எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தீர்கள்? ஊக்கி (இறுகுவதை வேகப்படுத்துவது) போட்டீர்களா? எத்தனை பாகை, எவ்வளவு நேரம்? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ரோலர் ரூம்: ஒவன் என்றால் லேப் ஒவனா, கேக் போடுகிற ஒவனா?

மூலக்கூறு: கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் எழுதினால் நல்லது. அக்டிவ் எஸ்டரில் அமைன் ஏது, அமைன் படலம் எங்கிருந்து வரும்? அமைன், பீனோல் போன்ற ஹார்ட்னர்கள் எபொக்சி வளையத்தைத் திறக்கும்போது ஐதரொட்சில் (OH கூட்டம்) மிஞ்சும். அது ஈரத்தை இழுக்கும், உயர் அதிர்வெண்ணில் சிக்னல் இழப்பைக் கூட்டும். அக்டிவ் எஸ்டர் சேர்ந்தால் அந்த இடத்தில் ஐதரொட்சிலுக்குப் பதில் எஸ்டரே வந்து நிற்கும். சிப்புக்கு அடியில் வருகிற அடுக்குப் படலங்களில் இதை விரும்புவது அதற்காகத்தான். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் ஒருவர் போத்தலைத் திறக்க வேண்டும். தம்பி முதலில் அடிப்படையைப் படிக்கட்டும்.

சோல்டர் மாமா: படித்தவர் சொன்னால் சரி. ஆனால் இறுகாததற்கு வழி சொல்லவில்லையே. அறைச்சூட்டில் இறுகுகிற அமைன் ஹார்ட்னர் இரண்டு சொட்டு விட்டால் பிடித்துக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

பேராதனை அக்கா: மாமா, இதில் மட்டும் அது வேண்டாம். அமைன் முதலில் அந்த அக்டிவ் எஸ்டரையே தாக்கி அமைட்டாக்கிவிடும், பீனோல் வெளியே வரும். இறுகினாலும் தம்பிக்குத் தேவையான குறைந்த இழப்பு கிடைக்காது.

பனிக்காடு: மன்னிக்கவும், இப்போதுதான் கரண்ட் வந்தது. பிஸ்பீனோல் ஏ எபொக்சி, சமவலு நிறை (வினைபுரியும் ஒரு பங்குக்கு எத்தனை கிராம் என்பது) 188, 10 கிராம். ஹார்ட்னர் சமவலு நிறை 223, கணக்குப் பார்த்து 11.9 கிராம். ஊக்கி டி.எம்.ஏ.பி. போட்டேன். 160 பாகை, ஒரு மணித்தியாலம். வீட்டு ஒவன்தான். என் தெர்மோமீட்டர் கொதிநீரில் 94 காட்டுகிறது, அதனால் 6 கூட்டித்தான் பார்க்கிறேன்.

பேராதனை அக்கா: அந்த 6 ஐ விடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் கொதிப்பதே 94 பாகை அளவில்தான். தெர்மோமீட்டர் சரி. நீங்கள் 160 என்று நினைத்தது 154. இந்த ஹார்ட்னருக்கு 160 உம் போதாது, 180 ஆவது வேண்டும். சரி, ஹார்ட்னர் தூளா, கரைசலா?

பனிக்காடு: கரைசல். தொலுயீன் என்ற கரைப்பானில் 65 சதவீதம்.

பேராதனை அக்கா: அந்த 223 எதற்கு என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள், கரைசலுக்கா, உள்ளே இருக்கிற திண்மத்துக்கா? திண்மத்துக்கு என்றால், நீங்கள் எடுத்த 11.9 இல் உண்மையான ஹார்ட்னர் 7.7 கிராம்தான். 11.9 கிராம் திண்மம் வேண்டுமென்றால் கரைசல் 18.3 கிராம் எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எபொக்சிக்குத் துணையே இல்லை, எப்படி இறுகும்?

இன்னொன்று, இதுதான் முக்கியம். தொலுயீன் ஈரம் காயாத தகட்டை வீட்டு ஒவனுக்குள் வைக்காதீர்கள். அதன் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் ஆவி பற்றுகிற வெப்பநிலை, வெறும் 4 பாகை. ஆவி நிரம்பிய மூடிய பெட்டிக்குள் சிவந்த கம்பி. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக இனியும் நடக்காது என்றில்லை. வீட்டில் அம்மாவும் தம்பி தங்கைகளும் இருப்பார்கள். கெம்பஸில் ஆவியை வெளியே இழுக்கிற பியூம் ஹூட்டில் 80 இல் தொடங்கி மெதுவாக 100 வரை ஏற்றிக் கரைப்பானைப் போக்கிவிட்டு, அப்புறம் லேப் ஒவனில் வையுங்கள்.

ரோலர் ரூம்: கெம்பஸ் போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எங்கள் தேயிலை பெக்டரி ட்ரையரில் 100 பாகைக் காற்று வருகிறது. விறகு நெருப்பு காற்றோடு சேராது, சூடு மட்டும்தான் வரும். வேலை முடிந்த இரவில் வைக்கலாம்.

கொழுந்துமடுவம்: அண்ணே, நீங்களே பெக்டரியில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? தேயிலைத் தூள் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் டீசல் சிந்தினாலே டீமேக்கர் துடிக்கிறார். தொலுயீன் வாடை ஏறிய தூள் கொழும்பு ஏலத்தில் எப்படிப் போகும்?

ரோலர் ரூம்: இரவு முழுக்கக் காற்று ஓடவிட்டால் வாடை போய்விடும்.

கொழுந்துமடுவம்: ட்ரேயில் ஒட்டியிருக்கிற பழைய தூளில் ஏறியது எங்கே போகும்? காலையில் முதல் தூள் அதன் மேல்தான் விழும். போதாததற்கு அந்த ஆவி அடுப்புப் பக்கம் போனால்? எத்தனை குடும்பம் அந்த பெக்டரியை நம்பி இருக்கிறது.

மூலக்கூறு: ட்ரையர் பேச்சு இங்கே தேவையற்றது. கரைசலா திண்மமா என்பதை நானே கேட்டிருப்பேன்.

சோல்டர் மாமா: கேட்கவில்லையே.

பனிக்காடு: திண்மத்துக்கு என்றுதான் போட்டிருக்கிறது அக்கா. கெம்பஸ் வந்துவிட்டேன். 18.3 கிராம் எடுத்து, ஹூட்டில் காயவைத்து, 180 இல் இரண்டு மணித்தியாலம். நகம் பதியவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குமிழ். சேர் வருகிறார், பிறகு எழுதுகிறேன். நன்றி அக்கா.

பேராதனை அக்கா: சந்தோஷம் தம்பி. பூச்சு எவ்வளவு தடிப்பு? ஓரம் தடித்திருந்தால் மேல்பகுதி முதலில் இறுகி, அடியில் தொலுயீன் மாட்டிக்கொண்டிருக்கும். 100 இல் எவ்வளவு நேரம் விட்டீர்கள்?

சோல்டர் மாமா: குமிழ் வந்த இடத்தின் படம் ஒன்று போடுங்கள் தம்பி.