கணக்கு வைத்துத் தைத்த குட்டி கில்ட் (ஒட்டுத்துணி விரிப்பு): மனதை விட்டுப் போகாத ஒரு தடவை

கால்இஞ்ச்

கணக்கை வைத்துத் தைத்து, மனதை விட்டுப் போகாத ஒரு தடவையை ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். எட்டுக்கு எட்டு சதுரத்தை நாலு துண்டாக வெட்டி, ஐந்துக்குப் பதின்மூன்று செவ்வகமாக அடுக்குகிற புதிர் இங்கே எல்லோருக்கும் தெரியும். 64 எப்படி 65 ஆச்சு என்கிற அதே வம்புதான். அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். காகிதத்தில் காட்டியபோது "நீங்க ஒழுங்கா வெட்டலை" என்றான். சரி, துணியில் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். கட்டத்துக்கு ஒரு இஞ்ச். சிவப்புத் துணிமேல் நாலு துண்டையும் ஓரம் மடித்து வைத்துத் தைத்தால், மூலைவிட்டம் நெடுக ஒல்லியாக ஒரு சிவப்புக் கீற்று தெரியவேண்டும். அந்தக் கீற்றின் பரப்புதான் மிச்சமாக வந்த ஒரு சதுர இஞ்ச்.

தைத்து முடித்து விரித்தேன். சிவப்பே இல்லை. அகலமான இடத்திலேயே 3 மில்லிமீட்டர்தான் இருக்கும் அந்த இடைவெளி. சரிவாக வெட்டிய விளிம்பு மிஷின் காலடியில் இழுபட்டு அதை அப்படியே விழுங்கிவிட்டது. பையன் விரலால் தடவிப் பார்த்தான். "அப்போ 65தானே சித்தி?" என்றான். மூன்று வாரமாக இது தொண்டையில் நிற்கிறது.

பழையகணக்கன்

துணி எதையும் விழுங்கவில்லை. நீங்கள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி இழுத்திருப்பீர்கள்.

என் கதை ⅞ பற்றியது. சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் எடுக்கும்போது, முடிவில் 2 இஞ்ச் வேண்டுமென்றால் 2⅞ வெட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒரு வரிசை முழுக்க முக்கோணம் சேர்த்த கட்டங்கள் 16, அடுத்த வரிசை வெறும் சதுரங்கள் 16. இரண்டையும் சேர்க்கப் போனால் முக்கோண வரிசை மூன்றில் ஒரு இஞ்ச் நீளம். தையலைப் பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடியும் நீளம். ராத்திரி பதினொரு மணிக்குப் பென்சில் எடுத்தேன். தையலுக்கு ஓரத்தில் விடுகிற கால் இஞ்சை 2 கூட்டல் ரூட் 2-ஆல் பெருக்கினால் 0.8536. நாம் வெட்டுவதோ 0.875. கட்டத்துக்கு 0.0214 இஞ்ச் கூடுதல், பதினாறுக்கு 0.34. வங்கியில் முப்பது வருடம் பைசா பைசாவாகச் சரிபார்த்தவன் நான். ஒரு தையல் சூத்திரத்தைச் சரிபார்க்காமல் நம்பினேன்!

தொப்பிக்காரி

2023 மார்ச்சில் அந்தத் 'தொப்பி' ஓடு செய்தியாக வந்ததே, யார்க்‌ஷயரில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித் கண்டுபிடித்தது, பதின்மூன்று பக்கம் உள்ள ஒரே வடிவம், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வராமல் தரையை நிரப்பும். படம் பார்த்த அன்றே அட்டை வெட்டினேன். அட்டையில் துணி சுற்றி, கைத்தையலில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அறுபது தொப்பி. எல்லாம் ஒரே அச்சு.

நடுவில் ஓர் இடத்தில் ஓட்டை. தொப்பி வடிவ ஓட்டைதான், ஆனால் என் துண்டு எப்படித் திருப்பினாலும் உட்காரவில்லை. கவிழ்த்து, துணியின் உள்பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் கட்டுரையை ஒழுங்காகப் படித்தேன். ஏறக்குறைய எட்டுத் தொப்பியில் ஒன்று கண்ணாடி பிம்பமாக வரவேண்டுமாம். பூப்போட்ட துணி, உள்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. பிரித்துப் பிரித்துப் பாதி தைத்திருந்தபோது மே மாதம் அதே குழு கவிழ்க்கவே வேண்டாத இன்னொரு ஓடு வடிவத்தை அறிவித்தது. அன்றைக்கு ஊசியைத் தூக்கிப் போட்டேன்.

ஊசிமுனை

தொப்பிக்காரி, உங்கள் தப்பு வடிவத்தில் இல்லை, துணியில். அச்சடித்த துணிக்கு உள், வெளி உண்டு. சாயமேற்றிய நூலில் நெய்த கட்டம் போட்ட லுங்கித் துணிக்கு அது கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே முகம். வெளிநாட்டில் மெட்ராஸ் செக்ஸ் என்று விற்பதும் அதுதான். கவிழ்த்தாலும் யாருக்கும் தெரியாது.

பழையகணக்கன், ⅞ தப்பில்லை, பாவம் அதை ஏன் திட்டுகிறீர்கள்? மிஞ்சுகிற அந்தக் கொசுறைத் தைத்தபிறகு 2½-க்கு (2 இஞ்சோடு இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச்) சீவிவிட வேண்டியதுதான். எனக்கு ஒரே ஒரு தடவை இப்படி நடந்தது, சீவினேன், முடிந்தது.

அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக: முதலில் துணியை அலசிச் சுருங்க விடுங்கள். கிராஸ் விளிம்பு, அதாவது நூலுக்குச் சரிவாக வெட்டிய விளிம்பு, வருகிற எதற்கும் வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி போடுங்கள், அரிசிக் கஞ்சியே போதும், ஆனால் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பொட்டுப் பொட்டாக ஒட்டும், கரப்பான் வேறு வரும். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள், இழுக்காதீர்கள். மிஷின் பாதத்தில் இருக்கிற கால் இஞ்ச் அடையாளத்தை நம்பாதீர்கள். மூன்று பட்டையை 1½ இஞ்ச் அகலத்தில் வெட்டிச் சேர்த்துத் தையுங்கள், நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் வந்தால்தான் உங்கள் கால் இஞ்ச் கால் இஞ்ச். நூல் தடிமன்கூட இதில் சாப்பிடும். 40 நம்பர் நூல் இருந்தால் அதைவிட மெல்லிய 50-க்கு மாறுங்கள்.

பழையகணக்கன்

கேட்காமலே இவ்வளவு கிடைத்தது. நன்றி. கணக்குத் தெரியாமல் சீவுகிறவர்களும் கில்ட் தைக்கிறார்கள், தெரியும்.

மலைச்சாலை

சண்டைக்கு நடுவில் என்னுடையது. வட கன்னடத்தில் எல்லாப்பூர் பக்கம் சித்தி சமூகப் பெண்கள் தைக்கிற கவந்தி பார்க்கப் போனேன் (சித்தி என்பது அவர்கள் சமூகத்தின் பெயர், ஆப்பிரிக்க வம்சாவளியினர்). ஸ்கேல் கிடையாது, மிஷின் கிடையாது. ஒரு மூலையில் பிடித்து ஓரம் ஓரமாகச் சுற்றிக்கொண்டே ஓட்டுத் தையலில் நடுவுக்குப் போகிறார்கள். நான் பெருமையாக என் ஃபிபனாச்சி குட்டி கில்டை எடுத்து நீட்டினேன். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற வரிசை: 1, 1, 2, 3, 5, 8 இஞ்ச் சதுரங்கள், தையலுக்காக ஒவ்வொன்றுக்கும் அரை இஞ்ச் சேர்த்து வெட்டியது, ஒரு முனைகூட விலகவில்லை. பெரியம்மா ஒருவர் அதைப் பார்க்கவே இல்லை. நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கூட வந்தவர் மொழிபெயர்த்தார்: "பூ எங்கே?" கவந்தியின் மூலைகளில் முக்கோணமாக மடித்துத் தைப்பார்கள், அதற்கு 'ஃபூலா' என்று பெயர். என்னிடம் பதில் இல்லை. கில்ட் இன்னும் பைக்குள்ளேயே கிடக்கிறது.

கால்இஞ்ச்

லுங்கித் துணி யோசனைக்கு நன்றி, ஊசிமுனை. ஒரு இஞ்ச் கட்டம் போட்ட துணியிலேயே இன்னொன்று வெட்டினேன், கஞ்சியும் போட்டேன், வடிகட்டினேன். இந்தத் தடவை மூலைவிட்டத்தைத் தாண்டும் இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை, நூல் அளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன. இதைவிடத் தெளிவாகக் காட்டவே முடியாது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

"கோடெல்லாம் விலகியிருக்கு. நீங்க ஒழுங்கா தைக்கலை சித்தி."