மலேரியாவுக்கு செடிக் கசாயம் போதுமா, மாத்திரைதான் வேணுமா?

தோவாளைக்காரன்:
உலகம் பூரா மலேரியாவுக்கு குடுக்குற ஆர்ட்டிமிசினின் ஒரு செடியில இருந்து வந்தது. கண்டுபிடிச்ச சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மாவுக்கு 2015ல நோபல் கிடைச்சுது, அவங்களுக்கு வழி காட்டினது 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹோங் எழுதி வச்ச குறிப்பு. அப்ப நம்ம ஆசான்மாரு, அதான் நாட்டு வைத்தியர்மாரு, குடுக்குற கசாயத்தை மட்டும் ஏன் இளப்பமா பாக்கணும்? தோவாளை சந்தையில கட்டு கட்டா கிடக்குற மரிக்கொழுந்தும் அதே ஆர்ட்டிமிசியா இனந்தானே.

லேப் அக்கா, குளச்சல்:
தம்பி, அந்தக் குறிப்பையே நல்லா பாருங்க. செடியை தண்ணில ஊற வச்சு பிழிஞ்சு குடிக்கத்தான் சொல்லியிருக்கு, கொதிக்க வைக்கச் சொல்லல. அதுல இருந்துதான் சூடு மருந்தைக் கெடுக்குதோன்னு தூ யூயூவுக்கு சந்தேகம் வந்து, 35 டிகிரியிலயே கொதிக்கிற ஈதர்ல சாறு எடுத்தாங்க. 1971 அக்டோபர்ல 191ஆவது சாம்பிள் எலிகள்ல மலேரியாவை முழுசா அடக்கிச்சு. மரிக்கொழுந்தைக் கிள்ளி விரல்ல தேச்சா வாசந்தான் வரும், மலேரியாவுக்கு மருந்து எடுக்குறது ஆர்ட்டிமிசியா அன்னுவாங்குற வேற செடியில.

தோவாளைக்காரன்:
சரி, மரிக்கொழுந்தை விடுதேன். அந்த அன்னுவாவையே வீட்டுக்கு வீடு நட்டு இலையை டீ போட்டு குடிச்சா ஏழைக்கு செலவில்லையே?

லேப் அக்கா, குளச்சல்:
ஒரு கைப்பிடி இலையில எவ்வளவு மருந்துன்னு யாருக்கும் தெரியாது, போற மருந்தும் சில மணி நேரத்துலயே உடம்புல குறைஞ்சிரும். அரைகுறையா அடிபட்ட கிருமி பிழைச்சு பழகிக்கிடும். அதனாலதான் 2006ல உலக சுகாதார நிறுவனம் ஆர்ட்டிமிசினினை தனி மருந்தா விக்காதீங்க, வேற மருந்தோட சேத்து கூட்டு மருந்தாத்தான் குடுக்கணும்னு சொல்லிச்சு. அப்படியும் கம்போடியா மேற்குல மருந்து மெதுவாத்தான் கேக்குதுன்னு தெரிய வந்துது, 2014ல அதுக்குக் காரணமான, கிருமியோட கே13 மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிச்சாங்க, இப்ப ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா வரைக்கும் அந்த மாதிரி மாற்றம் வந்தாச்சு. உலகத்து மலேரியாவுல 100க்கு 94 ஆப்பிரிக்காவுலதான், அங்க இந்த மருந்து தோத்தா என்ன ஆகும்னு நினைச்சாலே பயமா இருக்கு. அதான் இப்ப ஆராய்ச்சி பூரா மூணு மருந்து கூட்டு, கானாப்ளாசைட் மாதிரி புது மருந்துன்னு ஓடுது.

போட்டுக்காரன் தம்பி:
நான் ஒண்ணு சொல்லுதேன். எங்க அண்ணன் மங்களூர்ல தொழிலுக்குப் போயிட்டு குளிர்காய்ச்சலோட வந்தான். கசாயம் குடிச்சான், மறுநாள் விட்டுது, கேட்டுச்சுன்னு சந்தோசப்பட்டோம். அதுக்கு அடுத்த நாள் போர்வை மேல போர்வை போட்டும் கட்டில் ஆடுது. ரத்தம் பாத்தப்ப வைவாக்ஸ் மலேரியா, அது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருமாம். கசாயம் குடிக்காட்டியும் அந்த நாள் விட்டிருக்கும். ஈரல்ல ஒளிஞ்சு கிடக்குற கிருமிக்கு 14 நாள் மாத்திரை குடுத்தாங்க, நாங்க கூடவே இருந்து முழுங்க வச்சோம்.

தோவாளைக்காரன்:
அண்ணன் பொழச்சது சந்தோசம் மக்கா. ஆனா என் வருத்தம் இதுதான், அந்த அம்மா குழு 2000 பழைய மருந்துக் குறிப்பை தேடிச் சேத்தாங்க. நம்ம ஏட்டை அப்படி உக்காந்து யாரு சோதிச்சுப் பாக்குதா?

லேப் அக்கா, குளச்சல்:
இதுல நான் உங்க கூடத்தான் தம்பி. அவங்க இலையில மட்டும் மருந்து இருக்கு, தண்டுல இல்லன்னு வரைக்கும் பிரிச்சுப் பாத்தாங்க. நம்ம ஆசான்மாருகிட்டயும் எந்தச் செடி, எந்த மாசம் பறிச்சது, இலையா வேரான்னு கேட்டு எழுதி எடுக்கணும், வயசான ஆசான்மாரு இருக்கும்போதே.